பொந்து விழுந்த புளியமரம் செத்த மரமா?

எங்கள் ஊர் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் பக்கம். பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு புளியமரம் நிற்கிறது. மூன்று பேர் கைகோத்தால்தான் அடிமரத்தைச் சுற்றிப் பிடிக்க முடியும். சாலையைப் பார்த்த பக்கத்தில் பெரிய பொந்து. சின்ன வயதில் மழைக்கு நானே அதற்குள் ஒதுங்கி நின்றிருக்கிறேன். போன வைகாசியில் அடித்த காற்றில் அதன் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று சாயங்காலமே ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. "உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் கூடு. வெட்டிடலாம்" என்றது ஒரு கட்சி. "பொந்தை சிமென்ட் போட்டு அடைச்சா மரம் பொழச்சுக்கும்" என்றது இன்னொன்று.

ஒரு தரப்புக்கு மனுஷர் மேல் அக்கறை, இன்னொரு தரப்புக்கு மரத்தின் மேல் அக்கறை. இரண்டுமே நல்ல அக்கறைதான். ஆனால் இரண்டு தரப்பும் நம்புவது ஒன்றையே: மரத்தின் உயிர் நடுவில் இருக்கிறது, நடு போனால் மரம் போச்சு. மனுஷனுக்கும் மாட்டுக்கும் அது சரி. மரத்துக்கு அப்படி இல்லை. இது புரிந்துவிட்டால், அடிபட்ட பழைய மரத்தை என்ன செய்வது என்ற கேள்வியில் பாதி தெளிந்துவிடும்.

மரத்தின் உயிர் எங்கே இருக்கிறது?

கறிக்கடையில் கறி கொத்தப் போட்டிருக்கும் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது புளியங்கட்டைதான். வயதான மரமாக இருந்தால் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம் தெரியும். அதுதான் வைரம். வயதானவர் திடமாக இருந்தால் "வைரம் பாய்ந்த கட்டை" என்போமே, அந்த வைரம். அதைச் சுற்றி வெளிர் மஞ்சளாக இருப்பது இளமரம். அதற்கும் வெளியே, பட்டைக்கும் மரத்துக்கும் இடையில், மிக மெல்லிய ஈரப் படலம் ஒன்று உண்டு. மரம் பருப்பது முழுக்க அந்தப் படலத்தின் வேலை. உள்பக்கம் புது மரத்தையும் வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் அது வருஷா வருஷம் சேர்த்துக்கொண்டே போகிறது.

வேர் உறிஞ்சும் தண்ணீர் இளமரம் வழியாக மேலே ஏறுகிறது. இலை சமைத்த சாப்பாடு உள்பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. நடுவிலிருக்கும் வைரத்தில் உயிருள்ள செல்லே இல்லை. ஒரு காலத்தில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த இளமரம்தான் வயதாகி, அந்த வேலை நின்று, நிறமேறி இறுகிப்போய் வைரம் ஆகிறது. அது மரத்தைத் தாங்க உதவும், சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தேவையில்லை. அதனால்தான் நடுவே இல்லாத மரமும் துளிர்க்கிறது, பூக்கிறது, கிளை வளைய வளையக் காய்க்கிறது.

பெங்களூரைத் தாண்டி தேவனஹள்ளிப் பக்கம் நல்லூர் புளியந்தோப்பு இருக்கிறது. 2007-ல் இந்தியாவின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஓசூர்க்காரர்கள் காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். அடிமரம் முறுக்கி, பொந்து விழுந்து, கிழவன் கிழவி மாதிரி நிற்கும் மரங்கள் அங்கே இன்னும் தழைத்துக்கொண்டிருக்கின்றன.

சரி, உயிரோடு இருக்கலாம், ஆனால் கூடாகிப்போன மரத்துக்குப் பலம் எங்கிருந்து வரும்? மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் பாரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உள்ளே காலிதான். ஒரு தடியை வளைக்கும்போது அழுத்தமும் இழுப்பும் அதிகமாக விழுவது வெளி ஓரத்தில். நடுவில் மிகக் குறைவு. ஓர் உருண்டைத் தூணின் விட்டத்தில் சரிபாதி அளவுக்கு நடுவைக் குடைந்து எடுத்தாலும், வளைவைத் தாங்கும் பலத்தில் பதினாறில் ஒரு பங்குதான் குறைகிறது. பத்தில் ஏழு பங்கு குடைந்தால்கூட கால்வாசிதான் போகும். அதற்கு மேல் போனால் சரசரவென்று இறங்கும். இதை வைத்துத்தான் மரம் பார்ப்பவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: மையத்திலிருந்து பட்டை வரை உள்ள தூரத்தில், நல்ல மரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது மிஞ்சியிருக்க வேண்டும். 30 செ.மீ. என்றால் 10 செ.மீ. ஆனால் இது முழு வட்டத்துக்கான கணக்கு. பொந்துக்குப் பெரிய வாய் இருந்தாலோ, ஓட்டில் விரிசல் இருந்தாலோ பலம் இன்னும் குறையும்.

சிமென்ட் ஏன் கூடாது?

நமக்குக் கையில் வெட்டுப்பட்டால் கெட்ட சதை போய் அதே இடத்தில் புதுச்சதை வளர்கிறது. மரத்தால் அது முடியாது. மரத்தின் காயம் ஆறுவதில்லை, அடைபடுகிறது. மடை உடைந்து வயலுக்குள் தண்ணீர் பாய்ந்தால் என்ன செய்வோம்? பாய்ந்த தண்ணீரை அள்ளிக்கொண்டிருக்க மாட்டோம். சுற்றிலும் வரப்பை உயர்த்தி, தண்ணீரை ஒரு பாத்திக்குள்ளேயே அடக்குவோம். மரமும் அதையேதான் செய்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டியவர் அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி. அவர் ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து, அழுகல் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தார். 1977-ல் அதை நான்கு சுவர்களாக விளக்கி எழுதினார். காயம்பட்டதும் மரம் மேலும் கீழும் உள்ள தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிடும். அது முதல் சுவர். அழுகல் உள்நோக்கிப் போகாமல் தடுப்பது இரண்டாவது, பக்கவாட்டில் பரவாமல் தடுப்பது மூன்றாவது. நான்காவதுதான் முக்கியம். காயத்துக்குப் பிறகு அந்த ஈரப் படலம் வெளியே புதிதாக ஒரு தடுப்பை எழுப்பும். நான்கில் இதுதான் உறுதியான சுவர். முதல் சுவர்தான் பலவீனம், அதனால்தான் பொந்து அகலத்தை விட உயரத்தில் அதிகம் ஓடுகிறது. நான்காவது சுவர் உறுதியாக நின்றால், காயம்பட்ட அன்று மரம் எவ்வளவு பருமனோ அந்தப் பருமனுக்குள் அழுகல் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பிறகு போட்ட மரம் சுத்தமாக இருக்கும்.

இப்போது சிமென்ட் கட்சிக்கு வருவோம். சிமென்ட் போடுவதற்கு முன் பொந்தைச் 'சுத்தம்' செய்வார்கள். உளி வைத்து, நல்ல மரம் தெரியும் வரை செதுக்குவார்கள். அந்த நல்ல மரத்தைக் காத்துக்கொண்டிருந்த சுவரையே அப்போது உடைத்துவிடுகிறார்கள். வரப்பை வெட்டிவிட்ட மாதிரிதான். அடுத்தது, மரம் காற்றில் ஆடும், சிமென்ட் ஆடாது. இரண்டுக்கும் இடையில் நூல் அளவு சந்து விடும். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி வெளியே வர வழியில்லாமல் நிற்கும்.

பக்கத்து ஊரில் ஒரு கோயில் அரசமரத்துக்கு இப்படிச் செய்திருந்தார்கள். பூசி, மேலே வெள்ளையடித்து, பார்க்க அழகாகவே இருந்தது. சில வருஷம் கழித்து ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தபோது கை விட்டுப் பார்த்தேன். கருப்பாக, சேறு மாதிரி, பிழிந்தால் தண்ணீர் சொட்டும் மரத்தூள். அடைக்காமல் விட்ட பழைய பொந்துகளில் இருப்பது உலர்ந்த, காப்பிப்பொடி மாதிரித் தூள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விரலிலேயே தெரிந்தது. மரத்தின் மேல் பக்தியோடு செய்த காரியம் அது. அதனால்தான் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

வெளிநாடுகளிலும் நூறு வருஷத்துக்கு முன் சிமென்டும் செங்கலும் வைத்து அடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். வெட்டுவாயில் தார், பெயின்ட் பூசுவதும் அப்படித்தான். அழுகலை அது தடுப்பதில்லை. பொந்தில் தண்ணீர் நிற்கிறதென்று அடியில் துளை போடுவதும் வேண்டாம், அதுவும் சுவரை உடைக்கும்.

கரையானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடிமரத்தில் கரையான் மண் ஏறியிருந்தால் பதறிப்போகிறோம். பெரும்பாலும் அது செத்த மேல்பட்டையையும் உளுத்த மரத்தையும்தான் தின்கிறது. கையால் தட்டிவிட்டு அடியில் உயிருள்ள பட்டை இருக்கிறதா என்று பாருங்கள், போதும். விதிவிலக்கும் உண்டு. தெலங்கானாவில் மகபூப்நகர் பக்கம் இருக்கும் பில்லலமர்ரி ஆலமரத்தில் கரையான் புகுந்து கிளைகள் விழ ஆரம்பித்தபோது, 2018-ல் சலைன் பாட்டில் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார்கள். அவ்வளவு பெரிய மரத்துக்கு, ஆள் வைத்துச் செய்த வைத்தியம் அது. பஸ் நிறுத்தப் புளியமரத்தில் நாமாக முயன்று பார்ப்பதல்ல.

எப்போது பயப்பட வேண்டும்?

எங்கள் பக்கம் சாலையோரப் புளியமரங்களின் மகசூலை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. மாசியில் புளி உலுக்க ஆள் ஏற்றும் முன், கொடுவாளைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்தால் மரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவார். நல்ல மரத்தில் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும். பொந்து வந்ததும் 'பொத்' என்று மத்தளச் சத்தமாக மாறும். மாறும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு.

"ஏன் பெரியப்பா, இத்தனை வருஷமா ஏறுற மரம்தானே, இன்னும் எதுக்குத் தட்டறீங்க?" என்று கேட்டேன்.

"போன வருஷத்து மரம் எனக்குத் தெரியும்பா. இந்த வருஷத்து மரம் தெரியாதே."

மர நிபுணர்கள் ரப்பர் சுத்தியலால் செய்வதும் இதே வேலைதான். சத்தத்தை வைத்துப் பொந்தின் அளவை அச்சாகச் சொல்ல முடியாது. ஆனால் எது மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பொந்தை விட என்னைப் பயமுறுத்துவது வேறு சில அடையாளங்கள். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் தட்டுத் தட்டாகக் கெட்டிக் காளான் முளைத்திருந்தால், வேர் அழுகிக்கொண்டிருக்கலாம். மேலே இலை பச்சையாகவே இருக்கும், ஏமாறக் கூடாது. பிறந்ததிலிருந்து சாய்ந்து வளர்ந்த மரம் பிரச்சினையில்லை. போன வருஷம் நேராக நின்று இந்த வருஷம் சாய்ந்திருந்தால், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் தூக்கிக்கொண்டு வெடிப்பு விட்டிருந்தால், உடனே ஆட்களை விலக்குங்கள். மழைக்கு நனைந்து மண் இளகி, மேலே காற்றும் அடித்தால் அது ஒரு ராத்திரிக் கதைதான். அடிமரத்தில் எதிரெதிராக இரண்டு பக்கமும் நீள விரிசல் தெரிந்தாலும் அப்படியே.

அப்புறம், மரத்தை மட்டும் பார்த்தால் போதாது. கீழே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதே புளியமரம் அஞ்செட்டிப் பக்கம் ஒரு காட்டோரத்து வரப்பில் நின்றிருந்தால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமே இல்லை. விழும்போது விழட்டும். பள்ளிக்கூட வாசலில் நின்றால் கதை வேறு. மரத்தை நகர்த்த முடியாது, ஆனால் அடியில் இருப்பதைப் பல நேரம் நகர்த்தலாம். கல் பெஞ்சையும் வண்டி நிறுத்துமிடத்தையும் இருபதடி தள்ளி வைப்பதற்கு ஆகும் செலவு, பெரிதாக ஒன்றும் வராது. வெட்டுவதா என்று விவாதிக்கும் முன் இதை ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

செய்ய வேண்டியது பெரும்பாலும் தரையில்தான்

பழைய மரங்கள் பொந்தால் சாவதை விட வேரில் அடிபட்டுச் சாவதுதான் அதிகம். சத்தும் தண்ணீரும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள் இருக்கிறது. பக்கவாட்டில் அது கிளை நிழலையும் தாண்டி ஓடும். அந்த மண்ணைத்தான் நாம் பாடாய்ப் படுத்துகிறோம். சாலையை அகலப்படுத்தும்போது அடிமரம் வரை தார் போடுகிறோம். தரையை உயர்த்த ஒரு லோடு மண்ணைக் கொட்டுகிறோம். குழாய் பதிக்க ஒரு பக்கத்து வேரை முழுக்க அறுக்கிறோம். கோயில் மரமென்றால் சுற்றி மேடை கட்டி டைல்ஸ் ஒட்டுகிறோம். அடிமரத்தில் குப்பை கொளுத்துகிறோம், ஆணி அடித்து விளம்பரத் தட்டி மாட்டுகிறோம். இத்தனைக்கும் மரம் உடனே ஒன்றும் சொல்லாது. ஐந்து, பத்து வருஷம் கழித்து உச்சி காயும். அப்போது 'வயசாயிடுச்சு' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

ஆகவே காப்பாற்ற நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, அடிமரத்தைச் சுற்றியுள்ள சிமென்டை முடிந்த அளவு உடைத்து எடுப்பது. கொட்டிய மண்ணைக் கையால் விலக்கி, வேர் பிரியும் இடம் வெளியே தெரியும்படி செய்வது. கிளை நிழல் விழும் பரப்பில் காய்ந்த இலைதழையை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, அடிமரத்தை மட்டும் தொடாமல் விடுவது. நம் மாவட்டத்துப் பங்குனி, சித்திரை வெயிலில் எப்போதாவது ஒரு டேங்கர் தண்ணீரை நிழலின் ஓரத்தில் மெதுவாக விட்டால், எந்த மருந்தையும் விட அது பெரிது.

அடுத்தது பாரம். பொந்து இருக்கும் மரத்தின் கிளைப்பரப்பு பெரிதாக இருந்தால் காற்று அதைப் பாய் மாதிரிப் பிடித்துத் திருகும். நீண்ட கிளைகளின் நுனிப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, சில வருஷங்களில் பிரித்துக் குறைக்கலாம். ஒரே நாளில் மொட்டையடிப்பது கொலைக்குச் சமம். இலைதான் மரத்தின் அடுப்பு, வயதான மரத்துக்கு அணைந்த அடுப்பை மறுபடி மூட்டச் சக்தி இருக்காது. பிழைத்துத் துளிர்த்தாலும், கொத்தாக வரும் அந்தக் கிளைகள் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பதால் பின்னால் அவைதான் முறியும். கிளையை வெட்டும்போது, அது அடிமரத்தில் சேரும் இடத்தில் ஒரு புடைப்பு வளையம் இருக்கும். அந்த வளையத்தை விட்டுவிட்டு வெட்டுங்கள். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் புறப்படுகிறது. தாழ்ந்து படர்ந்த பெரிய கிளைக்குக் கவைக்கோல் மாதிரி ஒரு முட்டுக் கொடுக்கலாம். இந்த வேலையை ஏறத் தெரிந்தவரிடம் விடுங்கள், மின்கம்பி போனால் மின்வாரியத்தைக் கூப்பிடாமல் தொடாதீர்கள்.

வெட்டியே ஆகவேண்டும் என்றாலும் சாலையோர மரம் நம் மரம் இல்லை. பொது இடத்து மரத்துக்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். 'வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நட்டுவிடலாம்' என்று இப்போது சுலபமாகச் சொல்கிறார்கள். வயது குறைந்த மரத்துக்கு அது சரிப்படலாம். பொந்து விழுந்த கிழமரத்தின் வேரை அறுத்துத் தூக்கி வைத்தால், வேறு இடத்தில் போய்ச் சாகும், அவ்வளவுதான்.

எல்லா மரமும் ஒன்றல்ல

ஆலமரம் தனி ஜாதி. கொல்கத்தா சிப்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில், புயல்களில் அடிபட்டுக் காளான் தாக்கிய நடுமரத்தை 1925-ல் எடுத்தே விட்டார்கள். விழுதுகளின் மேல் அது இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது. சென்னை அடையாறு ஆலமரத்தின் நடுமரமும் 1989 புயலில் விழுந்தது. ஆலமரத்தைக் காப்பது என்றால் விழுதைக் காப்பது. தொங்கும் விழுதை மண் நிரப்பிய மூங்கில் குழாய்க்குள் விட்டுத் தரைக்குக் கொண்டுவந்தால் அது தூணாகிவிடும். போகிற வருகிறவர்கள் விழுதைப் பிடித்து ஊஞ்சலாடி அறுக்காமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வேம்பு சில வருஷங்களாக நுனி கருகி, தீப்பிடித்த மாதிரி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். செத்துப்போச்சு என்று வெட்டிவிடாதீர்கள். பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் ஒரு மழைக்காலம் பொறுங்கள். பெரும்பாலும் துளிர்த்துவிடும்.

கிருஷ்ணகிரி மாந்தோப்பில் கணக்கு வேறு. அங்கே மரம் பிழைப்பு. தண்டுத் துளைப்பான் புழு விழுந்து, துளையிலிருந்து மரத்தூள் கொட்டினால் விட்டுவைக்க முடியாது. கம்பி விட்டுப் புழுவை எடுத்து, துளையைக் களிமண்ணால் அடைக்கத்தான் வேண்டும். மகசூல் போன கிழமரத்தை எடுத்துவிட்டுப் புதுக்கன்று வைப்பதையும் நான் குறை சொல்ல மாட்டேன். தென்னை, பனைக்கு இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. பழைய தமிழ் இலக்கணம் உள்ளே வைரம் பாய்ந்ததை அகக்காழ் என்று மரத்திலும், வெளியே வைரம் பாய்ந்ததை புறக்காழ் என்று புல்லிலும் சேர்த்தது. தென்னையும் பனையும் இரண்டாவது வகை. அவற்றில் அந்த ஈரப் படலம் இல்லை. ஏறுவதற்காக அடிமரத்தில் வெட்டிய படிக்கட்டு கடைசிவரை படிக்கட்டாகவே இருக்கும்.

காட்டுக்குள் இருக்கும் மரத்தை விட்டுவிட வேண்டும். 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. ஆற்றோரத்து நீர்மருதுகளில் சாம்பல் நிற அணில் வாழ்கிறது. அங்கே பட்டுப்போய் நிற்கும் மரத்திலும் விழுந்து கிடக்கும் மரத்திலும் கைவைக்கச் சட்டமே இடம் தராது. வைக்கவும் வேண்டாம். மரங்கொத்தியும் குக்குறுவானும் உளுத்த கிளையில் குடைந்த பொந்து, அடுத்த வருஷம் கிளிக்கும் மைனாவுக்கும் வீடு. பொந்துத் தேனீயும் உடும்பும் மரநாயும்கூட இப்படிப்பட்ட பொந்துகளில் தங்கும். நாம் நடும் கன்றில் இப்படி ஒரு பொந்து விழ நம் பேரன் காலம் ஆகும்.

எங்கள் ஊர் மரத்துக்கு வருகிறேன். கிளை விழுந்த ஒரு மாதத்தில் கல் பெஞ்சைத் தள்ளிப் போட்டோம். சாலைப் பக்கம் நீண்டிருந்த இரண்டு கிளைகளின் நுனியை அனுமதி வாங்கிக் குறைத்தார்கள். டீக்கடைக்காரர் அடிமரத்தில் சாம்பல் கொட்டுவதை நிறுத்தினார். பொந்தை யாரும் தொடவில்லை. மேல்பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி ஒன்று இருக்கிறது, இருட்டும் நேரத்தில் கடைசி பஸ்ஸுக்கு நிற்பவர்களை எட்டிப் பார்க்கும். இந்த மாசியில் பெரியவர் வழக்கம்போலத் தட்டிக்கொண்டு வந்தார். போன வருஷத்துச் சுண்ணாம்புக் கோடு மழையில் முக்கால்வாசி அழிந்திருந்தது. தெரிந்த மிச்சத்தின் மேலேயே புதுக்கோடும் விழுந்தது. ஒரே ஓர் இடத்தில், தெற்குப் பக்கம், இரண்டு விரல் அகலம் தள்ளி. அந்த இடத்தை விரலால் தொட்டு, "இதை அடுத்த வருஷம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஆளை ஏறச் சொன்னார்.